ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த போன்

2022 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் சுருக்கமாக ஓர் அறிவிப்பு விட்டது: ஐபோன் 13 இனி இந்தியாவிலும் தயாராகும். இடம், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சுங்குவார்சத்திரம் பக்கம் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. அந்த வருடம் அங்கே பெட்டிக்குள் போன ஒரு போன், 128 ஜிபி, கறுப்பு நிறம், முதல் கையிலிருந்து கடைசிக் கைவரை எப்படிப் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்போம். சொந்தக்காரர்கள் யாராகவும் இருக்கலாம். கைமாறும் இடங்களும் விலை விழும் விதமும் ஏறக்குறைய எல்லா 13-களுக்கும் ஒன்றுதான்.

போன் செய்வது அந்த ஊருக்குப் பழகிய வேலை. 2006-இல் நோக்கியா அங்கே ஆலை திறந்தது. சுற்றுவட்டாரப் பெண்கள் பலருக்கு அதுதான் முதல் வேலை, முதல் சம்பளம். வரித் தகராறு ஒரு பக்கம், மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய வியாபாரம் இன்னொரு பக்கம் என்று இழுபட்டு, 2014 நவம்பர் 1-இல் அங்கே உற்பத்தி நின்றது. பல வருடம் பூட்டிக் கிடந்த அந்த இடத்தைப் பிறகு சால்காம்ப் என்கிற சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம் வாங்கியது. ஆப்பிளுக்கும் சார்ஜர் கொடுக்கும் நிறுவனம் அது. நம் 13-இன் பெட்டியில் சார்ஜர் கிடையாது, 2020 அக்டோபரிலிருந்தே ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது.

ஃபாக்ஸ்கான் 2019-இல் இங்கே ஐபோன் எக்ஸ்ஆர் மாடலைப் பூட்டத் தொடங்கியது. பூட்டுவது என்றுதான் சொல்ல வேண்டும். மூளையான ஏ15 சிப் தைவானில் டி.எஸ்.எம்.சி. ஆலையில் அச்சாகிறது. கேமராவின் உணர்வுச் சிப் ஜப்பானின் சோனி, திரை பெரும்பாலும் கொரியா. இவையெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் வந்துசேர, திருகு முடுக்கி, பசை ஒட்டி, சோதித்து, துடைத்து, பெட்டியில் வைப்பவர்கள் பெரும்பாலும் இருபது சொச்சம் வயதுப் பெண்கள். தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். 2021 டிசம்பரில் அப்படியொரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடமும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 13 மாடல் அந்தச் சமயத்தில் அங்கே வெள்ளோட்டத்தில் இருந்தது. பளபளக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கிற யாருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைக்கு வரும்போது அதன் விலை 79,900 ரூபாய். அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் 12,188 ரூபாய். 2020 மார்ச் வரை இந்த வரி 12 சதவீதமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து முழுப் போனாக வந்தால் அப்போது அடிப்படைச் சுங்கவரி இன்னொரு 20 சதவீதமாக இருந்தது. உள்ளூரில் பூட்டினால் அந்தச் சுங்கம் மிச்சம்தானே, விலை இறங்கும் என்று பலரும் காத்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் 13 வந்த பிறகும் விலைப்பட்டியலில் அதே 79,900 தான் இருந்தது. ஒரு போனுக்கு விலை வைப்பவர் பார்ப்பது செய்ய ஆன செலவை மட்டுமில்லை, வாங்குபவர் எவ்வளவு வரை தாங்குவார் என்பதையும் சேர்த்துத்தான்.

தாங்குவதற்கு ஏற்பாடும் உண்டு. நம் போனின் முதல் சொந்தக்காரர் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். 79,900-ஐ மொத்தமாக எடுத்து வைக்க அவரால் முடியாது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் என்றால் முடியும். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று கடையில் எழுதியிருக்கும். வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. எனவே இப்போது வட்டி உண்டு, அந்த வட்டியின் அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தருகிறார்கள். வட்டிமேல் ஜி.எஸ்.டி., அட்டைக்காரரின் செயலாக்கக் கட்டணம் இரண்டும் வாங்குபவர் தலையில். தொகை சிறியதுதான். பெரிய விளைவு வேறு. தவணையில் வாங்கியவருக்கு 79,900 என்கிற எண் மறந்துபோய் மாதத் தொகை மட்டும் மனதில் நிற்கிறது. தவணை முடிகிற மாதத்தில், 'எப்படியும் இந்தத் தொகை போய்க்கொண்டுதானே இருந்தது' என்று அடுத்த போனுக்கு மனது தயாராகிவிடுகிறது. புதுப் போன் ஆசை பெரும்பாலும் தவணையின் கடைசி மாதத்தில் வருவது தற்செயல் இல்லை.

ஆப்பிள் போனுக்கு வயது கூடுவது செப்டம்பரில். 2022 செப்டம்பரில் ஐபோன் 14 வந்தது, விலை அதே 79,900. 13 அன்றைக்கே 69,900 ஆனது. அடுத்த செப்டம்பரில் 15 வந்தது, 13 இறங்கி 59,900. 2024 செப்டம்பரில் 16 வந்தபோது ஆப்பிள் 13-ஐ விற்பதையே நிறுத்திக்கொண்டது. புதிதின் விலை எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழேதான் பழையதன் விலை நிற்க முடியும். ஆகவே ஒவ்வொரு செப்டம்பரிலும், சட்டைப் பைக்குள் சும்மா கிடந்த போனிலிருந்து ஆயிரக்கணக்கில் பணம் கரைந்தது. ஒரு கீறல் விழவில்லை, ஒரு திருகு தளரவில்லை. இதில் என்னை உறுத்துவது, 13-ஐப் பழையதாக்கிய 14-க்குள்ளும் இருந்தது அதே ஏ15 சிப், படம் வரையும் பகுதியில் ஒரு கூறு மட்டும் கூடுதல். பொருள் தேய்வதால் விலை விழுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே விலையைத் தேய்ப்பது நாள்காட்டி. பழைய போன் வியாபாரம் செய்பவர்கள் அதனால்தான், விற்பதாக இருந்தால் ஆகஸ்டுக்குள் கொண்டுவாருங்கள் என்பார்கள்.

இரண்டு வருடம் ஓட்டிய அந்த இளைஞர் 2024 கோடையில் விற்கப் பார்க்கிறார். முதலில் அவர் கண்ணில் படுவது எக்ஸ்சேஞ்ச். புதுப் போன் பக்கத்திலேயே, 'பழையதற்கு இவ்வளவு வரை' என்று ஒரு தொகை. அந்த 'வரை' என்கிற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்தத் தொகையில் ஒரு பகுதி பழைய போனின் விலை. மீதி, புதுப் போனைத் தள்ளுவதற்காகத் தரும் போனஸ், வேறு போன் வாங்கினால் அது கிடைக்காது. வீட்டு வாசலுக்கு வருகிற பையன் தன் போனில் கேள்விப் பட்டியலைத் திறந்து, திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, 'சார், ஓரத்துல ஒரு டென்ட் இருக்கு' என்பார். விலை குறைந்து காட்டும். புதுப் போன் கைக்கு எட்டும் தூரத்தில் பெட்டியோடு இருக்கிறது. இன்னொரு கையில் பழையது. அந்த நிமிடத்தில் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் யாரும் சண்டை போடுவதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போனைக் குறைத்துக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம். விற்பவர் எந்த நேரத்தில் பலவீனமாக இருப்பார் என்று கணக்குப் போட்டு வைத்த முறை அது. அப்படிச் சேர்கிற போன்கள் பிறகு மொத்த மொத்தமாக, 'லாட்' கணக்கில் வியாபாரிகளுக்கு ஏலம் போகின்றன.

இன்னொரு வழி, நேரே ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை என்று பின்னிக்கிடக்கும் சந்துகள். கேபிள், ரெசிஸ்டர், கேமரா, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் நடுவில் செகண்ட் ஹேண்ட் போன் கடைகள். கண்ணாடி மேசை, அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்பு, தலைக்கு மேலே நீளமாக ஒரு வெள்ளை விளக்கு. ஒரு போன் மேசைக்கு வந்தால் கடைக்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"பில்லு, பாக்ஸ் இருக்கா தம்பி?"

"பில்லு மெயில்ல இருக்குண்ணா. பாக்ஸ் கொண்டாந்திருக்கேன்."

கேட்டுக்கொண்டே அவர் விரல் செட்டிங்ஸுக்குப் போய்விட்டது. மாடல் எண்ணின் முதல் எழுத்து 'எம்' என்றால் கடையில் புதிதாக விற்றது. 'எஃப்' என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது. 'என்' என்றால் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்த மாற்றுப் போன். கடைசியில் 'எச்என்' என்றிருந்தால் இந்தியப் பீஸ், 'எல்எல்' என்றிருந்தால் அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்தது, அங்குள்ள நெட்வொர்க்குக்குப் பூட்டியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். நம்முடையது எம்மில் தொடங்கி எச்என்னில் முடிகிறது. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் பாகங்களின் வரலாறு தெரியும், பேட்டரியோ திரையோ மாற்றியிருந்தால் அது அங்கே எழுதியிருக்கும். போனின் ஜாதகம் முழுக்க அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. பிறகு *#06# அடித்து வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுகிறார். திருட்டுப் போனா என்று தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டில் பார்க்கிறார். 2023 மே மாதத்திலிருந்து இது நாடு முழுக்க யாருக்கும் திறந்திருக்கிறது, 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் திரையை அணைத்து விளக்குக்குக் கீழே சாய்க்கிறார். கீறல் எரிகிற திரையில் ஒளிந்துகொள்ளும், அணைந்த திரையில் ஒளிய முடியாது. வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் பொத்தான் இருக்கிறதா, ஃபேஸ் ஐடி முகத்தைப் பிடிக்கிறதா, மைக், ஸ்பீக்கர், பின் கேமரா இரண்டும். கடைசியில் பேட்டரி ஹெல்த்.

"எம்பத்தி ஆறு. எவ்ளோ எதிர்பாக்குற?"

"முப்பத்தெட்டுண்ணா. ஒரு ஸ்க்ராட்ச் கூட இல்ல."

"போன் நல்லாத்தான் இருக்கு. செப்டம்பர்ல அடுத்தது வருது தம்பி. முப்பத்திரண்டுன்னா இப்பவே தரேன். ஐகிளவுட் லாக்அவுட் பண்ணிடு, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடு."

32,000 கொடுத்து வாங்கியதை 38,000-க்கு விற்பார் என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும். நடுவில் உள்ள 6,000-ஐப் பார்த்து, ஒரே நாளில் இவ்வளவா என்று விற்றவர்கள் வயிறெரிவது உண்டு. ஒழுங்காகப் பதிவு செய்த கடை என்றால் பழைய பொருளுக்கு முழு விலைமீது ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின்மீது மட்டும் கட்டினால் போதும் என்று சட்டம் சலுகை தருகிறது. ஆறாயிரத்தில் வரி சுமார் 915 ரூபாய். மீதியில் கடை வாடகை, தான் கொடுக்கும் சில மாத வாரண்டி, விற்காமல் செப்டம்பரைத் தாண்டிவிட்டால் வரும் நட்டம். இதற்கெல்லாம் மேலே அந்த மேசையில் நடந்த சோதனைக்கும் ஒரு விலை இருக்கிறது.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான கட்டுரை. காரில் என்ன கோளாறு என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்தச் சராசரி விலை கட்டுப்படியாகாது, விற்காமல் வைத்துக்கொள்வார். சந்தையில் மோசமானவை மிஞ்சும், விலை இன்னும் இறங்கும். பழைய போன் வியாபாரத்தின் அடியில் ஓடுவதும் இதே பயம். 38,000-க்கும் 32,000-க்கும் நடுவில் இருப்பது அந்தப் பயத்தைத் தீர்க்கிற கூலி. நண்பருக்கோ சித்தப்பா பையனுக்கோ நேரடியாக விற்கும்போது இருவருக்கும் லாபம் வருவது இதனால்தான். போன் எப்படி வளர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

பேட்டரி ஹெல்த் எண்ணுக்கு இத்தனை மவுசு வந்ததும் அந்த வழியில்தான். பேட்டரி தளர்ந்த பழைய போன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்துவந்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. ஊர் உலகமெல்லாம் கோபப்பட்ட பிறகு, 2018 மார்ச்சில் அந்தச் சதவீதத்தை எல்லாருக்கும் காட்டத் தொடங்கினார்கள். 13-இன் பேட்டரி 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதத்தில் நிற்கும்படி வடிவமைத்தது. 15 மாடலிலிருந்து அதையே 1,000 சுற்று என்று சொல்கிறார்கள். வாங்குபவர்கள் 80-க்குக் கீழே என்றால் தொடவே தயங்குகிறார்கள். இது தேவையில்லாத தயக்கம். பேட்டரி மாற்றச் சில ஆயிரம் ஆகும், அந்த எண்ணைக் காட்டி அதற்கு மேலேயே பேரம் பேசிக் குறைத்துவிடலாம். தளர்ந்த பேட்டரியும் சுத்தமான போர்டும் உள்ள போன் அந்தச் சந்தையில் நல்ல கொள்முதல்.

இப்போது நாள் கணக்கு. வாங்கிய விலையில் விற்ற விலையைக் கழித்து, வைத்திருந்த நாள்களால் வகுத்தால் போன் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று தெரியும். முதல் சொந்தக்காரருக்கு 47,900 ரூபாய் போயிற்று, இரண்டு வருடத்துக்கு நாளொன்றுக்கு 66 ரூபாய். ஒரே வருடத்தில் 46,000-க்கு விற்று மாற்றியிருந்தால் நாளைக்கு 93. நான்கு வருடம் வைத்திருந்து 15,000-க்குக் கொடுத்தால் 44. 38,000-க்கு வாங்கி இரண்டு வருடம் ஓட்டி 15,000-க்கு விற்கும் இரண்டாமவருக்கு 32 ரூபாய்கூட முழுதாக இல்லை. வருடா வருடம் மாற்றினால் நல்ல விலைக்குப் போகிறது, அதனால் லாபம் என்று சொல்பவர்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். நல்ல விலைக்குப் போவது உண்மை. முதல் வருடத்தின் பெரிய வீழ்ச்சியை ஒவ்வொரு முறையும் அவரே சுமக்கிறார் என்பதும் உண்மை. அடுத்தவர் மலிவாக வாங்க வழி செய்பவர் அவர்தான்.

நம் போனின் இரண்டாவது வீடு திண்டிவனம் என்று வைப்போம், கல்யாணங்களுக்கு ரீல்ஸ் எடுத்துத் தரும் பையன். பெரிய கேமராவில் முழுப் படம் எடுப்பவர் வேறு. தாலி கட்டிய சூட்டோடு இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு மணமகன் வீட்டார் தனியாக ஆள் வைக்கிற காலம் இது. அந்த வேலைக்கு 13-இன் கேமரா போதும். முதல் கையில் அந்தஸ்துக்காகச் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த போன், இரண்டாவது கையில் சோறு போடுகிறது. ஆப்பிளின் சொந்தக் கணக்குப்படி இந்த மாடல் ஒன்றுக்கு வாழ்நாள் முழுக்க ஆகும் கரியமில வாயு 64 கிலோ, அதில் 81 சதவீதம் தயாரிக்கும்போதே வெளியேறிவிட்டது. முதல் சொந்தக்காரர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே பூமி தன் பங்கைக் கொடுத்தாயிற்று. அதன்பிறகு அந்தப் போன் உழைக்கிற ஒவ்வொரு வருடமும், புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருந்த தேவையைத் தள்ளிப்போடுகிறது.

மண்டபத்துப் படியில் போன் விழுந்து திரை போயிற்று. போன் மாட்டிக்கொள்கிற பெரிய கண்டம் இதுதான். 13 வந்த புதிதில், வெளிக்கடையில் திரையை மாற்றினால் ஃபேஸ் ஐடி செத்துப்போகும். திரையோடு ஒட்டிய ஒரு சின்னஞ்சிறு சிப், போர்டோடு ஜோடி சேர்த்தது. பழைய திரையிலிருந்து அந்தச் சிப்பை நுண்ணோக்கியின் கீழ் பெயர்த்துப் புதியதில் சால்டரிங் செய்தால்தான் முகம் தெரியும். பழுதுபார்ப்பு இணையதளமான ஐஃபிக்ஸிட் போன்றவர்கள் இதை வெளியில் கொண்டுவந்து எதிர்ப்புக் கிளம்ப, 2021 கடைசியில் மென்பொருள் வழியாக ஆப்பிள் பின்வாங்கியது. ஆனால் 'தெரியாத பாகம்' என்ற எச்சரிக்கை இன்றும் வருகிறது. வாங்குபவரைக் காப்பாற்றும் தகவல் அது என்பதை ஏற்கிறேன். ரிச்சி தெரு மேசையில் ஜாதகம் பார்க்க உதவியதும் அதே பக்கம்தான். அதே சமயம், அசல் பாகமே போட்டாலும் நிறுவனத்தின் கணினி ஒப்புதல் தராதவரை அது 'தெரியாத பாகம்' என்றால், விற்றுவிட்ட பொருளின்மேல் நிறுவனம் பாத்தியதை கொண்டாடுகிறது என்றுதான் பொருள். பயன்படுத்திய அசல் பாகங்களை ஏற்கும் வசதியே 2024-இல்தான் வந்தது. நியாயமே இல்லை. திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் அரை மணியில் மாற்றும் திரைக்காக மறுவிற்பனையில் சில ஆயிரம் குறைகிறது என்றால், அந்த நட்டம் கட்டுவது மெக்கானிக்கும் இல்லை, ஆப்பிளும் இல்லை.

மூன்றாவது வீட்டுக்கு விலையே கிடையாது. பையன் அடுத்த போன் வாங்கும்போது, பத்துப் பன்னிரண்டாயிரத்துக்காக எதற்கு என்று இதை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறான். எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத இந்தக் கைமாற்றம்தான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது. அம்மாவுக்கு வாட்ஸ்அப், பால்காரருக்கு ஜிபே, இரவில் விட்டுப்போன சீரியல். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும். ஒன்று மட்டும் மறக்காமல் செய்ய வேண்டும்: பையனின் ஆப்பிள் கணக்கை எடுத்துவிட்டு அம்மா பெயரில் போட்டுத் தர வேண்டும். கடவுச்சொல் மறந்த ஒரு பழைய கணக்கோடு சிக்கிக்கொண்டு, நன்றாக ஓடும் போன் பூட்டிய கட்டையாகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. திருடனுக்காக 2013-இல் போட்ட பூட்டு அது, வீட்டுக்காரருக்கும் திறக்காது.

அம்மாவிடம் போகாதவை இழுப்பறைக்குப் போகின்றன. 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று வைக்கிற போன் அவசரத்துக்கு உதவுவதில்லை. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரி அடி ஆழத்துக்கு வடிந்து மீளாது, சில வீங்கித் திரையைத் தூக்கிவிடும். ஒவ்வொரு செப்டம்பரும் அதற்கும் பொருந்தும். எந்தக் கைமாற்றத்திலும் யாராவது ஒருவர் பயன்பெறுகிறார். இழுப்பறையில் மட்டும்தான் ஒருவரும் பயன்பெறாமல் விலையும் ஆயுளும் சேர்ந்தே போகின்றன. புதுப் போன் வந்த வாரத்திலேயே பழையதன் முடிவை எடுத்துவிடுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது இதனால்தான்.

உடல் தாங்கினாலும் மென்பொருள் ஒரு நாள் கைவிடும். ஸ்ரீபெரும்புதூரின் முதல் ஐபோனான எக்ஸ்ஆருக்கு 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 கிடைக்கவில்லை. 13-க்குக் கிடைத்தது. எக்ஸ்ஆர் அதனால் நின்றுவிடாது, வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக 'உங்கள் போனில் இயங்காது' என்று சொல்கிற நாள்வரை ஓடும். கூகுளும் சாம்சங்கும் 2023, 2024-இல் தங்கள் உயர்ரகப் போன்களுக்கு ஏழு வருட மென்பொருள் என்று வாக்களித்த பிறகு பழைய ஆண்ட்ராய்டு விலைக்கும் கொஞ்சம் முதுகெலும்பு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மென்பொருள், ஏழு வருடம் உதிரி பாகம் என்று சட்டமே போட்டுவிட்டது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமைக்கு 2022 டிசம்பரில் ஓர் அரசு இணையதளம் திறந்தார்கள். கட்டாயம் இன்னும் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் போர்டில் ஏதோ ஐசி போய், சரிசெய்கிற கூலி போனின் விலையைத் தாண்டுகிறது. இப்போது அதற்குப் பெயர் டெட் போன். டெட் போனுக்கும் விலை உண்டு. பின் கேமரா இன்னொரு 13-க்கு, சார்ஜிங் பின் ஒன்றுக்கு, பாடி ஒன்றுக்கு. ஒரு போன் செத்து நாலு போன் பிழைக்கிற தொழில் அது. கழற்ற எதுவும் மிஞ்சாத போர்டு சாக்கில் விழுந்து, கிலோ கணக்குக்கு வந்துவிடுகிறது.

பத்து லட்சம் கைப்பேசிகளைப் பிரித்தெடுத்தால் 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 15 கிலோ பலேடியம், 16 டன் செம்பு கிடைக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. ஒரு போனுக்கு 34 மில்லிகிராம் தங்கம். கிராம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு மேல். டோக்கியோ ஒலிம்பிக்கின் சுமார் 5,000 பதக்கங்களையும் ஜப்பான் இப்படிச் சேர்த்த உலோகத்தில்தான் செய்தது, அதற்கு மக்கள் கொடுத்த பழைய போன்கள் மட்டும் 62 லட்சம். இந்த உலோகங்களை ஒழுங்காகப் பிரிக்க பெல்ஜியத்தின் ஹோபோகனில் உள்ள மறுசுழற்சி ஆலையில் இருப்பதுபோல் உலையும் புகை வடிகட்டியும் வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில் பல காலமாக அதை அமிலத் தொட்டியிலும் திறந்த நெருப்பிலும் செய்துவந்தார்கள், கழிவு ராம்கங்கை ஆற்றங்கரையில் சேர்ந்தது.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள், விற்ற நிறுவனமே பழையதன் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை தங்கம், செம்பு என்று மீட்டெடுத்ததற்கு ஏற்பச் சான்றிதழ் கொடுக்கும், நிறுவனம் அதை வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். ரிச்சி தெருவிலிருந்து கிளம்பும் சாக்குக்கு இந்தச் சான்றிதழ் தெரியாது. பதிவு பெற்ற ஆலைக்காரர் வடிகட்டிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் செலவு செய்தாக வேண்டும், அதைக் கழித்துக்கொண்டுதான் கிலோவுக்கு விலை சொல்வார். அமிலத் தொட்டிக்காரருக்கு அந்தச் செலவு இல்லை, அவரால் கூட்டிக் கொடுக்க முடியும். சாக்கு, கூட்டிக் கொடுப்பவரிடம் போகிறது.